மேல் வீட்டுக் கர்னல்

சோடர்டெல்யே, ஸ்வீடன்
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, செல்வி எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருந்தீர்கள், சரிதான். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அம்மாவோ பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் உங்களிடம் சொல்கிறாள்.

இங்கே மைனஸ் 14. மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. பொங்கல் வைத்தேன். வெல்லம் கிடைக்காமல் பழுப்புச் சர்க்கரை போட்டது. சாப்பிட்டது நானும் மேல் வீட்டுக் கர்னலும்.

அவர் நிஜமாகவே பட்டாளத்துக்காரரா என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம். கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறைக்கு முறை வைத்துத்தான் போக வேண்டும். அழுக்குத் துணியோடு அங்கே வரும்போதும் இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனேன், பேசாமல் கடிகாரத்தைக் காட்டினார். நீலகிரி வெலிங்டன் பட்டாள முகாமில் உங்களுக்கு வாய்த்த ஹவில்தார் கதைதான் ஞாபகம் வந்தது.

இராக் ராணுவத்தில் இருந்தவர். இந்த ஊரில் இராக்கியர் ஏராளம். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து எடுத்ததைவிட நாங்கள் அதிகம் பேரை எடுத்திருக்கிறோம் என்று இந்த ஊர் மேயர் 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே போய்ச் சொன்னாராம்.

2003-ல் அமெரிக்கா இராக் மேல் படையெடுத்தபோது விமானத்திலிருந்து துண்டுச்சீட்டு விழுந்ததாம்: சண்டை போடாதே, வீட்டுக்குப் போ. இவரும் போய்விட்டார். மே 12 அன்று, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் பாக்தாதில் வந்து இறங்கினார். அரபி தெரியாது. 16-ம் தேதி, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாரை வேலையிலிருந்து நீக்கினார். வேலையில் உயர வேண்டுமென்றால் கட்சியில் சேர்ந்தாக வேண்டிய நாடு அது! 23-ம் தேதி பட்டாளத்தையே கலைத்தார். கிட்டத்தட்ட 4 லட்சம் பேர், அப்பா. பட்டாளம் தானாகவே கலைந்துபோயிருந்தது என்பது பிரெமர் தரப்பு. "போகச் சொன்னவனே ஓடிவிட்டாய் என்கிறான்" என்கிறார் கர்னல்.

இதில் எனக்கு மனசே ஆறாதது இன்னொன்று. பால் ஹியூஸ் என்ற அமெரிக்கக் கர்னல், திரும்பி வரத் தயாராக இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இராக் சிப்பாய்களின் பெயர்களை வாங்கி வைத்திருந்தார். கலைத்த விஷயம் அவருக்கே செய்தியில் பார்த்துத்தான் தெரியும்! ஜூன் 18 அன்று வேலை போன சிப்பாய்கள் சம்பளம் கேட்டு பாக்தாதில் அமெரிக்கத் தலைமையக வாசலில் கூடினார்கள். அமெரிக்கப் படையினர் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்கு அப்புறம்தான் மாதப்படி தருவதாக அறிவிப்பு வந்தது. மணியார்டர் நின்ற வீட்டுச் சிப்பாயை நம்பிக் காவல் போடாதே என்பீர்களே, அதைப் பிரெமரிடம் சொல்ல ஒரு சுபேதார் இல்லை.

கர்னலுக்குக் கீழே இருந்த பையன்கள் அப்புறம் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டேன். ஏலக்காய்த் தேநீரை ஊற்றிக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

உன் அப்பா இப்போது என்ன செய்கிறார் என்றார். பென்ஷன் வாங்குகிறார், மாதம் ஒருமுறை வேலூர் மிலிட்டரி கேன்டீனுக்குப் போகிறார் என்றேன். "பென்ஷன்" என்று தனக்குள்ளே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். எனக்குத் திண்ணையும், உங்கள் பச்சை டிரங்குப் பெட்டியும், அதற்குள் அடிக்கும் நாப்தலீன் வாசனையும் வந்துவிட்டன. குளிருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பகலில் நேரம் கிடைப்பதால்தான் அவரோடு இவ்வளவு உட்கார்ந்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம், கொஞ்சம் இழுக்கிறது. பிப்ரவரிப் பணம் பத்து நாள் முன்பின் ஆகும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

செல்வி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வைகாசி கேட்டால், ஆவணிக்கு மேல் எனக்கு லீவு கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். வரப்புத் தகராறுக்குச் சித்தப்பா வீட்டுக்கு நீங்கள் போகாதீர்கள். இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. பெரிய மாமாவை அனுப்புங்கள். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுத்தீர்களா? எழுதவே இல்லையே.

டிரங்குப் பெட்டியின் அடியில் என் சர்டிஃபிகேட்டுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். அவசரம் இல்லை. இந்த வாரமே அனுப்பினால் நல்லது.

உங்கள் மகன்
குமார்