கொள்ளு நான் தர்றேன், குதிரை யாருதுன்னு மட்டும் சொல்லுங்க

ரேஸ் கிளப் கமிட்டில இருக்கிற பெரியவங்களுக்கும் குதிரை ஓனருங்களுக்கும், காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி வணக்கம் சொல்லி எழுதுறேங்க.

போன வைகாசில சொந்தத்துல ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரைதான் வேணும்னு பசங்க ஒத்தக்கால்ல நின்னானுங்க, வந்தது என்னமோ பழுப்பு. நல்ல உசரம், குச்சி மாதிரி கால், நாட்டுக் குதிரை இல்லன்னு பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. முன்னங்கால் முட்டி ஒண்ணு தேங்கா மாதிரி வீங்கியிருக்கு, சாயங்காலம் ஆகியும் தார் ரோட்டு சூடு இறங்கல, சரவெடி ஒவ்வொண்ணு வெடிக்கும்போதும் உடம்பு பூரா நடுங்குது. குதிரைக்காரர்கிட்ட கேட்டேன், "அண்ணா இது ரேஸ்ல ஓடுனதுண்ணா, கை மாறி கை மாறி எங்கிட்ட வந்துச்சு, பேரு தெரியாது, நான் ராஜான்னு கூப்பிடுறேன்"னாரு. பெட்டைக் குதிரைங்க அது, அதுக்குப் பேரு ராஜா! அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், தான் சாப்பிடுறதுக்கு முன்னாடி அதுக்குத் தண்ணி காட்டுன மனுஷன்.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரல, வெட்னரி டாக்டர் ஒருத்தர்கிட்ட பேசினேன், போன்ல தேடித் தேடிப் படிச்சேன். ரேஸ் குதிரை பிறந்த உடனே புனேல இருக்கிற ஸ்டட் புக்குங்கிற குதிரைப் பதிவேட்டுல அப்பன் ஆத்தா பேரோட பதிவாகுது, கழுத்துல சிப் கூட வைக்கிறாங்க. எல்லாம் சரி, ரேஸ விட்டு வெளிய போற குதிரை எங்க போகுது, யார் வாசல்ல நிக்குதுன்னு எந்த புக்ல இருக்கு? ஏழெட்டு வயசுல ஓட்டம் முடிஞ்சிடுது, ஆயுசு 25, 30 வருஷம், மிச்சம் இருக்கிற அந்த இருபது வருஷத்துக்கு யாரு பொறுப்பு?

எங்க ஊர்ல பல்லு போடாத கன்னை ஏர்ல பூட்டுனா பெரியவங்க திட்டித் தீர்த்துடுவாங்க. நீங்க எலும்பு முத்தாத ரெண்டு வயசுலயே ஓட விடுறீங்க. அரை டன் உடம்பு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், முட்டிக்குக் கீழ சதையே கிடையாது, எலும்பும் நரம்பும்தான். ஒரு கால் உடைஞ்சா மத்த கால்ல பாரம் ஏறி குளம்பும் கெட்டுப்போகும், மாட்டைப் படுக்க வச்சுப் பார்க்கிற மாதிரி இதை மாசக்கணக்கா படுக்க வைக்க முடியாது, அதான் பெரும்பாலும் ஊசி போட்டு முடிச்சிடுறாங்க.

நீ எருது விட்டுப் பந்தயம் நடத்துற ஊர்க்காரன், நீ பேசலாமான்னு கேப்பீங்க. கேளுங்க. எங்க மாடும் அடிபடுது, அதை மறைக்கல. 2023ல சூளகிரி பக்கம் கோபசந்திரத்துல எருது விட பர்மிஷன் லேட்டாச்சுன்னு ஹைவேயையே மறிச்சாங்க, எனக்கு அது பிடிக்கல. ஆனா எங்க மாட்டுக்காக 2014ல சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுச்சு, 2017ல சட்டம் மாத்துனாங்க, 2023ல அந்தச் சட்டம் செல்லும்னு மறுபடியும் தீர்ப்பு, இப்போ டாக்டர் பார்த்து சர்டிபிகேட் குடுத்தாதான் மாடு களத்துக்குள்ள வரணும். உங்களுக்கு 1996ல வந்த தீர்ப்புல, ரேஸ்ல பணம் கட்டுறது சூதாட்டமா திறமையான்னுதான் பார்த்தாங்க, திறமைன்னு சொல்லிட்டாங்க. பணம் கட்டுறவன் திறமைங்க அது. குதிரையோட வலி அந்தக் கேஸ்ல கேள்வியே இல்ல. 2024ல கிண்டி ரேஸ் கோர்ஸ் 160 ஏக்கரை அரசு எடுத்தப்பவும் வாடகை பாக்கி எத்தனை கோடி, நிலத்துல என்ன பண்ணலாம், இதான் என் காதுல விழுந்துச்சு.

மிருகவதைச் சட்டம்னு ஒண்ணு 1960ல இருந்து இருக்கு, முதல் தடவை மாட்டுனா அபராதம் 10ல இருந்து 50 ரூபா வரைக்கும்தான், டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. இங்கிலாந்துல கூட தடுப்பு தாண்டாத சமதள ரேஸ்ல ஜாக்கி ஆறு தடவைக்கு மேல சவுக்கால அடிச்சா தண்டனை, ரொம்ப மீறுனா ஜெயிச்ச குதிரையையே தள்ளுபடி பண்றாங்க. நார்வேல 1982லயே சவுக்கை நிறுத்தியாச்சு, அங்க ரேஸ் ஒண்ணும் நின்னு போயிடல.

ரேஸையே மூடுங்கன்னு நான் கேக்கல (என் வீட்டுக்காரி கேக்கச் சொன்னா, அவ கட்சி வேற). ஓடி முடிச்ச குதிரைக்குக் கணக்கு வையுங்க. பந்தயத்துல கட்டுற பணத்துக்கு கவர்மென்ட் 28 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குச்சு, 2025 செப்டம்பர்ல இருந்து 40. அவ்வளவு பணம் புரளுற இடத்துல கிழட்டுக் குதிரைக்குன்னு நூத்துக்கு ஒரு ரூபா ஒதுக்க முடியாதா? கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு எங்க தாத்தா சொல்றது குதிரையைப் பத்திதான்னு நெனச்சிருந்தேன். விக்கும்போது வாங்குறவன் பேரு, ஊரு, அடுத்து யாருக்குக் கை மாறுச்சு எல்லாம் அந்த சிப் நம்பர்லயே ஏறட்டும், முட்டி போன குதிரையைச் சவாரிக்கு விக்கவே கூடாதுன்னு ஒரு ரூல் போடுங்க.

ராஜா இன்னும் இங்கதான் இருக்கு. இந்த மாசமும் ரெண்டு கல்யாணத்துக்கு புக்கிங்காம். சிப் படிக்கிற மெஷினோட ஒரு ஆளை அனுப்புங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். நிஜப் பேரு என்னன்னு அந்த குதிரைக்காரருக்கும் தெரியணுமாம்.