சத்தம் முதலில் வந்தது

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். பாப்பா நடக்கிற வீடியோவை அனுப்பிவிட்டு "பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டாயே, அப்பாவும் நானும் "பார்த்தோம், பார்த்தோம்" என்றோம். பார்க்கவில்லை. பத்து நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கறுப்பு. உள்ளேயிருந்து அவள் கொலுசுச் சத்தமும், நீ "வா, வா" என்று கூப்பிடுவதும் மட்டும் வந்தது. வேலைக்கு நடுவில் மெனக்கெட்டு டிரைவில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய், படம் வரவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. என் போனில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சின்னத் திரை ஒத்துக்கொள்வதில்லை. பேத்தியைப் பெரிசாகத்தான் பார்ப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவர் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்க்க?

அப்பா தன் வைத்தியத்தைத் தொடங்கினார். ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த எம்ஓவி என்பதை அழித்துவிட்டு எம்பி4 என்று அடித்தார். அதே கறுப்பு. அப்புறம் சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும் சார், இல்லாட்டி விண்டோஸைப் புதுசாப் போடணும்" என்று கடைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்டாராம். கார்டு போயிருந்தால் உன் கல்யாண வீடியோ மட்டும் எப்படி ஓடுகிறது? இதைக் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறார் மனிதர். கல்யாண வீடியோ ஓடுகிறது, அதனால் கம்ப்யூட்டர் கெடவில்லை. பாப்பா வீடியோ என் போனில் ஓடுகிறது, அதனால் ஃபைலும் கெடவில்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இதுகூடவா தெரியாது.

பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பெண் வந்து மீதியைச் சொன்னாள். எம்ஓவி, எம்பி4 எல்லாம் டிபன் கேரியர் மாதிரி. படம் ஒரு அடுக்கு, சத்தம் ஒரு அடுக்கு. சத்த அடுக்கு நம் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிட்டது. பட அடுக்கை உன் ஐபோன் ஹெச்.265 என்ற முறையில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்த முறை 2013இல் வந்தது. நம் கம்ப்யூட்டர் வாங்கியது 2012இல். வெளியே பெயரை மாற்றினால் உள்ளே இருக்கிற கட்டு எப்படி அவிழும்?

அவள் விஎல்சி என்று வீடியோ ஓட்டுகிற மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ரோட்டில் பள்ளம் தோண்டினால் ஆரஞ்சுக் கூம்பு வைப்பார்களே, அதுதான் அதன் படம். பிரான்சில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியதாம், காசு கிடையாது. போட்டதும் படம் வந்துவிட்டது. அப்பா நாற்காலியை இழுத்து முன்னால் போட்டார். ஆனால் படம் இரண்டு நொடி ஓடும், நிற்கும், கட்டம் கட்டமாக உடையும். சத்தம் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'தொப்'பென்று ஒரு சத்தம், பாப்பா வீறிட்டு அழுகிறாள். படத்தில் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா பதறிப்போய்த் திரைக்கு முன்னால் கையை நீட்டிவிட்டார்.

டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்று இருக்கிறது. அதில் பார்த்தேன். அகலம் 3840, உயரம் 2160. பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளி. நொடிக்கு 60 படம். ஆக நொடிக்கு 50 கோடிப் புள்ளி. நம் கிழட்டுப் பெட்டி என்ன செய்யும், பாவம்! அந்தப் பெண்தான் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 1920க்கு 1080, நொடிக்கு 30 படம், ஹெச்.265க்கு முந்தைய முறையான ஹெச்.264 என்று மாற்றச் சொன்னாள். எட்டில் ஒரு பங்குதான் வேலை. இரண்டு நிமிட வீடியோவை மாற்ற முக்கால் மணி நேரம் எடுத்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒன்பது அடி வைத்திருக்கிறாள், நீ எண்ணினாயா?

உன் கேமராவில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் எங்களுக்கு இந்த அவஸ்தை இருக்காதாம். வேண்டாம், அதில் இடம் அதிகம் பிடிக்கும். பாப்பாவுக்காக நீ நல்லதாகவே எடுத்து வை. மாற்றுகிற வேலை என்னுடையது.

இதே சூட்டில் இன்னொன்றும் செய்தேன். 2002இல் உன் அத்தை கல்யாணத்துக்கு எடுத்த விசிடி பீரோவில் கிடந்தது. கீறலால் பாதியில் நின்றது. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, நாலாவது முயற்சியில் காப்பி எடுத்துவிட்டேன். மாமா மகன் அடுத்த மாதம் அங்கே வரும்போது பென்டிரைவில் கொண்டு வருவான். எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில், டிஏடி என்று முடியும் ஃபைல். விஎல்சியில் திற. ஓடாவிட்டால் டிஏடியை எம்பிஜி என்று மாற்று. இதில் மட்டும் அப்பா வைத்தியம் பலிக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது சாதாரண எம்பெக் வீடியோதான். அசலை அழித்துவிடாதே.

அதில் அகலம் 352, உயரம் 288, மொத்தமே ஒரு லட்சம் புள்ளிதான். பெரிதாக்காதே, மங்கிவிடும். 23ஆவது நிமிஷத்தில் பந்தி. தூணோரம் உட்கார்ந்து ஆச்சி உனக்கு அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மா