ஊர்ப் பெயரைச் சொல்லித் தந்த அம்மாவுக்கு

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒலிநூலின் கடைசி அத்தியாயமும் பதிவாகி முடிந்தது. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, போலந்தின் க்ராகுஃப் நகரில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியை, அங்கே வேலை பார்க்கும் என் தோழியின் பக்கத்து வீட்டுக்காரர். நூலில் வரும் நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாமின் பெயரை நான் ‘பிளாஸோ’ என்றே படித்து வைத்திருந்தேன். ‘ப்வாஷுஃப்’ என்று திருத்தினார். நமக்கு லகரமாகத் தெரிகிற, குறுக்கே கோடு போட்ட எழுத்து அவர்கள் வாயில் வகரமாம். ஆறு முறை சொல்ல வைத்தார். காதால் மட்டுமே படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒலிதானே அந்த ஊர்?

சரி, அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஓர் ஒலிப்பதிவு வந்தது. நான் கேட்காமலே முகாம் இருந்த இடத்துக்கு நடந்தே போயிருக்கிறார். 1942-ல் இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேல் எழுப்பிய முகாம் அது. கல்லறைக் கற்களை உடைத்து, கைதிகளை வைத்தே பாதை போட்டார்கள். இன்று பெரும்பாலும் புல்வெளிதான். தப்பி நிற்கும் ஒரு பழைய கல்லின் பக்கத்தில் நின்று அவர் பேசியிருக்கிறார். காற்றின் இரைச்சல், செருப்படியில் சரளை நொறுங்கும் சத்தம். ஒவ்வோர் இடப்பெயரையும் மும்மூன்று முறை சொல்கிறார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கல்லில் இருந்த பெயரையும் வாசிக்கிறார், அவசரமே இல்லாமல்.

1943 மார்ச்சில், யூதர்களை அடைத்து வைத்திருந்த க்ராகுஃப் கெட்டோ பகுதியை ஒழித்தபோது, வேலைக்கு ஆவார்கள் என்று பிரித்த சுமார் 8,000 பேரை இந்த முகாமுக்குத் தள்ளினார்கள். கெட்டோ தெருக்களிலேயே சுமார் 2,000 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த வரிகளை முதலில் ஒரே மூச்சில் படித்திருந்தேன். ஒரு பெயருக்கு அந்த அம்மா கொடுத்த நேரத்தைக் கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. நான்கு முறை திரும்பப் பதிந்தேன்.

அறை கொடுத்தவர்கள், மைக் கொடுத்தவர்கள், விடிய விடிய ஒலி திருத்திய தம்பிகள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி.

அந்த அம்மாவும் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். என் பழைய கட்டுரைகளில் தப்பாக எழுதிய ஊர்ப் பெயர்கள் பதினொன்று இருக்கின்றன. இந்த வாரமே ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுத் திருத்தப்போகிறேன்.