நாட்டுக் கடன்: தியாகம் மேலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

2018-இல் மலேசிய அரசாங்கத்தின் கடனை அடைக்க மக்களிடம் நன்கொடை திரட்டும் தாபோங் ஹராப்பான் நிதி தொடங்கியபோது, பினாங்கில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்துச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்கள், நாடு முழுக்கச் சேர்ந்தது 20 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். ஆனால் 2024-இல் அரசாங்கம் கடனுக்கு வட்டியாக மட்டும் கட்டியது சுமார் 5,000 கோடி வெள்ளி!

அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி அரசாங்கம் மானியத்தைக் குறைத்ததால், தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. சரி, மானியத்தைக் குறைக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கடனை நாமே கட்டாவிட்டால் அந்த உண்டியல் பிள்ளைகள்தான் வேலைக்குப் போய்க் கட்ட வேண்டும்.

ஆனால் தியாகம் மேலிருந்து தொடங்கட்டும். ஊழலில் சிக்கிய அரசு முதலீட்டு நிறுவனமான ஒன்எம்டிபி (1MDB) வாங்கிய 300 கோடி டாலர் பத்திரக் கடனை 2023-இல் மக்கள் பணத்தில்தானே அடைத்தார்கள்? அமைச்சர்களின் படிகள், வெளிநாட்டுப் பயணச் செலவு எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டுங்கள்.

அக்கறையுள்ள வாசகர்,
பினாங்கு