கொள்ளிடத்துத் தண்ணீர் வீணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்றே செய்தி வருகிறது. அந்த 'வீணாக' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆறு கொண்டு வருவது வெறும் தண்ணீரா? வண்டல், நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கா எல்லாம் அதோடுதான் வருகின்றன. சிலிக்கா இல்லையென்றால் டயட்டம் என்ற நுண்பாசிக்கு ஓடு கிடையாது. அந்தப் பாசி குறைந்தால் மீன்குஞ்சுக்கு இரையும் குறையும். கொள்ளிட முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உதிரும் சுரபுன்னை இலையைப் பாருங்கள். நண்டு அதைக் கடித்துத் துண்டாக்குகிறது, பாக்டீரியாவும் பூஞ்சையும் மட்கச் செய்கின்றன, அந்த மட்கை இறால் தின்கிறது. அப்புறம்தான் அது நம் வலைக்கு வருகிறது.

எகிப்தில் 1960களில் கட்டிய அஸ்வான் உயர் அணை நைல் வெள்ளத்தைத் தடுத்தது. சில ஆண்டுகளிலேயே கழிமுகத்தை ஒட்டிய கடலில் மத்தி மீன்பாடு சரிந்துபோனது.

சத்து மிஞ்சினாலும் கேடுதான். வயல் உரமும் சாக்கடையும் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாசி பெருகி, அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சேற்றிலுள்ள பாக்டீரியா நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தை வாயுவாக்கிக் காற்றில் விடுகிறது, சரி. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பணைக்குத் திட்டம் போடும்போது முகத்துவாரத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதையும் அரசு கணக்கிட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய பழையாறு ஊர் மீனவர்களையும் அந்தத் திட்டக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், சிதம்பரம்