மெயின்லைனுக்கு வெளியே லினக்ஸ் டிரைவர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கெர்னல் 6.3 வந்தபோது, மெயின்லைனுக்கு, அதாவது அதிகாரப்பூர்வ கெர்னல் மூலநிரலுக்கு, வெளியே இருக்கும் உங்களில் பலருடைய டிரைவர் கம்பைல் ஆகவில்லை. வி.எம்.ஏ-வின் (ப்ராசஸின் முகவரிவெளியில் தொடர்ச்சியான ஒரு துண்டு) கொடிகளில் (அதன் அனுமதிகளையும் தன்மைகளையும் சொல்லும் பிட்கள்) நேரடியாக எழுதுவது அதோடு நின்றுவிட்டது. அதற்கென்று தந்த ஃபங்ஷன்களைத்தான் அழைக்க வேண்டும். சிலர் அந்தக் கொடிகளுக்கு இப்போது போட்டிருக்கும் கான்ஸ்டை (மாற்றக் கூடாது என்ற குறி) காஸ்ட் செய்து தள்ளிவிட்டுப் பழையபடியே எழுதுகிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

முன்பு ஒரு ப்ராசஸின் முகவரிவெளி முழுவதற்கும் எம்மேப் லாக் என்ற பூட்டு ஒன்றே காவல்; வாசிப்போர் பலர் சேர்ந்து எடுக்கலாம், எழுதுபவர் ஒருவர்தான். நூறு திரெட்கள் பேஜ் ஃபால்டில் (இன்னும் இணைக்கப்படாத பக்கத்தைத் தொடும்போது கெர்னல் கையாளும் நிகழ்வு) நிற்கும்போது, முகவரிவெளியில் புதுத் துண்டு சேர்க்கும் ஒரே ஒரு எம்மேப் அழைப்பு எழுதும் பூட்டைக் கேட்டால், பின்னால் வரும் ஃபால்ட் எல்லாம் வரிசையில் நிற்கும். 2023-இல் வந்த 6.4 இதை மாற்றியது. ஃபால்ட், ஆர்.சி.யு (பூட்டில்லாமல் பாதுகாப்பாக வாசிக்கும் முறை) காப்பில் மேப்பிள் மரத்தில் (வி.எம்.ஏ-க்களை முகவரி வரிசையில் வைத்திருக்கும் அமைப்பு) தேடி, கிடைத்த வி.எம்.ஏ-வை மட்டும் வாசிப்புக்குப் பூட்டுகிறது. எழுத வருபவர் எம்மேப் லாக்கை எடுத்து, அந்த வி.எம்.ஏ-வின் வரிசை எண்ணை ப்ராசஸின் எண்ணோடு சமமாக்குகிறார்; இதுவே குறியிடுதல். சமமாக இருப்பதைக் கண்ட ஃபால்ட் விலகி, எம்மேப் லாக் எடுக்கும் பழைய வழியில் போகும். எழுதி முடித்து எம்மேப் லாக்கை விடும்போது ப்ராசஸின் எண் ஒன்று கூடும்; குறியிட்ட வி.எம்.ஏ-க்கள் அத்தனையும் ஒரே நொடியில் விடுபடும். அழகான வேலை.

கொடி மாற்றும் ஃபங்ஷன் செய்வது இந்தக் குறியிடுதலைத்தான். காஸ்ட் போட்டால் அது நடக்காது. பழைய கொடியை நம்பித் தொடங்கிய ஃபால்ட் புதிய கொடியோடு முடியும். கெர்னல்காரர்களே இதில் சறுக்கினார்கள்: 6.4-இல் ஃபோர்க் (ப்ராசஸைப் பிரதியெடுத்தல்) செய்யும்போது தாய் ப்ராசஸின் வி.எம்.ஏ-க்களைக் குறியிடாமல் விட்டதால் நினைவகம் கெட்டது.

உங்கள் டிரைவர் தர, கெர்னல் அழைக்கும் எம்மேப் கால்பேக்கில் கொடி மாற்றலாம், வி.எம்.ஏ இன்னும் மரத்தில் ஏறவில்லை. ஃபால்ட் கால்பேக்கில் கூடவே கூடாது, அங்கே உங்களிடம் வாசிப்புப் பூட்டு மட்டுமே.

மேப்-பேஜஸ் கால்பேக்கும் (ஃபால்ட் ஆன இடத்தைச் சுற்றியுள்ள பக்கங்களையும் சேர்த்து இணைப்பது) வைத்திருந்தால், இப்போதைய கெர்னல்களில் உங்கள் ஃபால்ட் எம்மேப் லாக் இல்லாமலே அழைக்கப்படலாம். அங்கிருந்து ரீட்ரை (மறுபடி முயல்க என்ற பதில்) திருப்பும் முன் எம்மேப் லாக்கை விடாதீர்கள். நீங்கள் எடுக்காத பூட்டு அது. எந்தப் பூட்டு என்று பார்த்து அதை விடுவிக்கும் ரிலீஸ்-ஃபால்ட்-லாக் ஃபங்ஷனை அழையுங்கள்.

இன்னொன்று. வாசிப்புப் பூட்டு இரண்டு திரெட்களைப் பிரிக்காது. ஒரே பக்கத்துக்கு இருவரும் உங்கள் கால்பேக்குக்குள் வருவார்கள். பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு, உங்கள் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எடுக்கும் பூட்டு) எடுத்து, அந்த இடம் இன்னும் காலிதானா என்று மறுபடி பாருங்கள். தோற்றவர் தன் பக்கத்தைத் திருப்பித் தரட்டும். சோதிக்கும்போது லாக்டெப்பை (பூட்டுத் தவறுகளைக் கண்டறியும் கெர்னல் கருவி) இயக்கியே ஓட்டுங்கள்.