மோட்டார் கிளப் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டிக்கும் வந்திருக்கற அண்ணமார், தம்பிமார், அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்து மினிட்ஸ் வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் போயாச்சு, அதை திரும்ப வாசிக்கல.

தைப்பூசத்துக்கு தண்ணிப்பந்தல் போட்டோம். டர்பன் சாட்ஸ்வர்த்ல கார் ஷோ நல்லபடியா முடிஞ்சுது. தீபாவளி சாப்பாட்டுக்கு ஹால் நிறைஞ்சுது, சமைச்ச அக்காமாருக்கு நன்றி.

இனி கிளப் கார். இதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பின்னாடி நிறைய பேச்சு ஓடுது.

நைஸ்னால சிமோலா ஹில்கிளைம்ப், அதாவது மேட்டு ரோட்டுல நேரம் பாத்து ஏறற ரேஸ், 2009ல இருந்து நடக்குது, நம்ம பேரை சொல்லி ஒரு வண்டி அங்க ஏறணும்னுதான் கமிட்டி தீர்மானம் போட்டுச்சு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் ட்ராக் 1981ல மூடினதுக்கப்புறம் நம்ம பக்கத்து பசங்களுக்கு ரேஸுன்னா தூரமாத்தான் போக வேண்டியிருக்கு. பெரிய காசு நம்மகிட்ட இல்ல, அதனால டோங்காட்ல ஒருத்தர் கராஜ்ல ரொம்ப நாளா நின்ன ரெண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை திறக்கற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர், அதை எடுத்தோம். எடை கிட்டத்தட்ட 1,000 கிலோதான், பின் சக்கரம் இழுக்கற வண்டி, நாலு பக்கமும் சக்கரத்தை மேலயும் கீழயும் ரெண்டு கை பிடிக்கற டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், இந்த விலைக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காதுன்னு இன்னிக்கும் சொல்றேன்.

"முதல்ல டர்போ போடு"ன்னு, அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்தற கருவியை மாட்டச் சொல்லி, பாதி பேர் கேட்டாங்க. ஜோபர்க் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க காத்து மெலிசு, டர்போ இல்லாத எஞ்சின் ஆறுல ஒரு பங்கு பவரை இழந்துடும், அதனால அங்க இருக்கறவங்க டர்போ தேடறது சரி. நைஸ்னா கடலோர ஊருப்பா, அங்க நம்ம எஞ்சின் முழு மூச்சு விடும். ரோடு மொத்தமே 1.9 கிலோமீட்டர், நின்ன இடத்துல இருந்து தனியா கெளம்பி மேல போய் சேரணும், டயர் சூடாகறதுக்குள்ள ரேஸே முடிஞ்சுடும். அதனால ஆறினபடியே பிடிக்கற சாஃப்ட் டயர், ஆறினபடியே கடிக்கற பிரேக் பேட், இதுக்குத்தான் காசு. சர்க்யூட்ல நாள் பூரா ஓட்டற பேட் முதல் வளைவுல வேலைக்கே ஆகாது. ஏர்கான், ஸ்டெப்னி, கார்ப்பெட் எல்லாம் கழட்டியாச்சு, மேட்டுல ஒவ்வொரு கிலோவும் நம்ம இழுக்கற பாரம்.

எஞ்சின்ல டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ப்ளக் வயர் மாத்தினதோட சரி. அசல் வேலை துருவுலதான். இந்த மாடல்ல முன்பக்க சேஸி ரெயில், அதாவது வண்டியைத் தாங்கற நீளத் தண்டு, ரெண்டு தகடா இருக்கும், உள்ள தண்ணி நின்னு உள்ளேருந்தே அரிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். நம்ம வெல்டிங் மாமா இடது ரெயில்ல ஸ்க்ரூட்ரைவர் வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாரு, பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, வெளிய எடுத்தப்போ காஞ்ச மஞ்சத்தூள் மாதிரி துரு கொட்டுச்சு. சீட்டுக்கு பின்னாடி கூரைத் தண்ணி இறங்கற ஓட்டை ரெண்டும் இலையும் மண்ணும் அடைச்சு, அந்த தண்ணி பூரா கதவுக்கு கீழ இருக்கற சில்லுக்குள்ள இறங்கி அதையும் தின்னு வச்சிருந்துச்சு. டர்பன் உப்புக்காத்துல இது நடக்காம எப்படி? ரெண்டு பக்க சில்லும் ரெயிலும் வெட்டி புது தகடு வச்சு வெல்ட் பண்ணினோம், அதுக்கப்புறம்தான் ரோல் கேஜ், வண்டி உருண்டாலும் உள்ள இருக்கறவரைக் காக்கற இரும்புக் கூண்டு. அழுகின தகட்டுல கேஜை நட்டு என்ன பிரயோஜனம்? காசு இங்கதான் போச்சு, சரியான இடத்துலதான் போச்சு.

ஒரு மெம்பர் பழைய சீட்பெல்ட் செட் இலவசமா குடுத்தாரு, நல்ல மனசு. ஆனா உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ லேபிள்ல எந்த வருஷத்தோட செல்லாதுன்னு அச்சடிச்சிருக்கும், அது எப்பவோ தாண்டிடுச்சு. நான் வேண்டாம்னதுக்கு அவர் இன்னும் என்கூட பேசல. உள்ள உக்காரப்போறது நம்ம வீட்டுப் பிள்ளை, அதுல நான் இறங்கி வரமாட்டேன். போத்தாஸ் ஹில் பழைய ரோட்டுல ராத்திரி டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னவங்களுக்கும் அதே பதில்தான், அது ஜனங்க நடமாடற ரோடு. டெஸ்டிங் போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வேல வாடகை குடுத்துதான்.

இப்ப மனசுல இருக்கறதை சொல்லிடறேன். கார் வாங்கின அன்னிக்கு போட்டோ எடுக்க வந்தவங்க எண்ணிக்கை வேற, சனிக்கிழமை கையில கிரீஸ் பட வந்தவங்க எண்ணிக்கை வேற. பூராவும் மூணு நாலு பேர்தான் மாத்தி மாத்தி வந்தாங்க, அதுல ரெண்டு பேர் ஸ்கூல் பசங்க, அந்த பிள்ளைங்களை மேடைக்கு கூப்பிட்டு கைதட்டணும்னு கேட்டுக்கறேன். பாதி மெம்பருங்க சந்தா இன்னும் பாக்கி, சில பேருக்கு ரெண்டு வருஷமா. நினைவூட்டி மெசேஜ் போட்டா நீல டிக் வருது, பணம் வரல. பேர் சொல்லல, லிஸ்ட் பொருளாளர்கிட்ட இருக்கு.

கணக்கு: பொருளாளர் தயாரிச்சு ஆடிட்டர் பாத்து கையெழுத்து போட்டாச்சு. கார் ஷோல வந்த வரவு பெரும்பாலும் கார்லயே போச்சு, கடன் இல்ல, கையிருப்பு கொஞ்சம்தான். பில் ஃபைல் டேபிள் மேல இருக்கு, யாரும் புரட்டிப் பாக்கலாம்.

வெல்டிங் மாமாவுக்கும், கராஜ் இடம் குடுத்த குடும்பத்துக்கும், தலைவர் அண்ணனுக்கும், கமிட்டிக்கும், கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

வர்ற வருஷம் டயர் ஒரு செட், புது சீட்பெல்ட், ஓட்டறவருக்கு எம்எஸ்ஏ (மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்கா) ரேஸ் லைசன்ஸ், இவ்வளவும் ஆனாத்தான் சிமோலாவுக்கு விண்ணப்பமே போட முடியும். நைஸ்னா இங்கேருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல, டிரெய்லர்லதான் கொண்டுபோகணும். டிரெய்லர் இழுக்க நல்ல டீசல் பக்கி (பிக்அப் வண்டி) வச்சிருக்கறவங்க நம்ம கிளப்லயே நாலஞ்சு பேர் இருக்கீங்க, உங்களுக்கே தெரியும். கூட்டம் முடிஞ்சதும் பொருளாளர் வாசல் பக்கத்து டேபிள்ல ரசீது புக்கோட உக்காந்திருப்பாரு, கார்டு மெஷினும் இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்